நாற்காலி மரியாதை

எண்சாண் உடம்பிற்குத் தலையே பிரதானம் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர், தலை அரசன் என்றும் கைகால்கள் ஏவலர் என்றும் பொருள் கூறுவார். மாணவரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுவர். ஏவலர் அனைவரும் பசியால் மெலிந்து வீழ்ந்தபின் அரசன் எத்தனை நாள் ஆள்வான் என்று எந்த மாணவனும் வினவுவதில்லை. வினவினாலும் அவ்வினாவிற்குத் தேர்வுத்தாளில் இடமில்லை. இப்பழமொழியைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு ஏட்டோடு நின்றிருந்தால் கேடில்லை. அது வீட்டிற்குள் புகுந்து, முதியோரை நடத்தும் முறையாகவே மாறிவிட்டது. அதனால் விளையும் தீங்கு ஜொகூர் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களில் கண்கூடு.

மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங், கூலாய் ஆகிய ஊர்களின் அடுக்குமாடி வீடுகளில் விடியலுக்கு முன்பே விளக்கு எரியத் தொடங்கும். மகனும் மருமகளும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குச் சேர வேண்டும். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் வரிசை நீளுமுன் போய்ச் சேர்வதற்காக அவர்கள் நான்கு மணிக்கே புறப்படுவர், திரும்பும்போது இரவாகிவிடும். இடைப்பட்ட பொழுது முழுவதும் வீட்டில் இருப்பவர் வயது முதிர்ந்த தாய், அல்லது தந்தை. கம்பிக்கதவு பூட்டியிருக்கும். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அதன் எதிரே ஒரு நாற்காலி. சோறு ஆக்கி வைத்தாயிற்று. துணி துவைக்கப் பொறி இருக்கிறது. கூட்டிப் பெருக்குவதை மருமகள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வாள். “அம்மா, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்ந்திருங்கள், போதும்” என்பதே அன்பின் கடைசிச் சொல். மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடமாயின் அந்தத் தாய் வாரக்கணக்கில் மண்ணை மிதிப்பதில்லை. மாடிப்படி ஏறினால் விழுந்துவிடுவார் என்று அஞ்சி அதனையும் தடுத்துவிட்டனர்.

இதனை யாரும் கொடுமை என்று சொல்லமாட்டார்கள். உறவினர் புகழ்வர், கோயிலில் காண்போர், பெற்றோரை உட்காரவைத்துச் சோறு போடும் பிள்ளை என்று மெச்சுவர். மெச்சத்தக்கது இதில் ஒன்றும் இல்லை. ஓர் உயிரின் எஞ்சிய வலிமையை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டு, அதற்கு மரியாதை என்று பெயரிடுவதே இங்கு நடப்பது. பறிபோவது தொடையின் தசை மட்டுமாயின் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். தசையோடு நினைவும் அறிவும் தேய்கின்றன என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் சான்றுகள் குவிந்துள்ளன.

முதுமையில் தசை தேய்வது மருத்துவர் பண்டு தொட்டு அறிந்ததே. ஆயினும் அதற்கென ஒரு பெயர் 1988-வரை இல்லை. அவ்வாண்டில் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் கிரேக்கச் சொற்களிலிருந்து ‘சார்கோபீனியா’ என்ற பெயரை அமைத்தார். தசைக்குறைவு என்பது அதன் பொருள். பெயரில்லாத நோயை எவரும் அளப்பதில்லை. அளக்காத நோயை எவரும் தடுப்பதில்லை. தமிழில் இதற்கு ‘மூப்புத் தசைத்தேய்வு’ என்று சொல்லலாம். படுக்கையும் நாற்காலியும் இத்தேய்வை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதை 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நோயற்ற முதியோர் பன்னிருவரைப் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தனர். பத்தே நாளில் அவர்தம் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. பத்து நாளுக்கே இந்நிலை. கம்பிக்கதவுக்குப் பின்னே பத்து ஆண்டுகள் அமர்ந்திருப்பவரின் கால்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

காலின் கதை இது. மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் உளர். சிக்காகோ நகர ஆய்வாளர்கள் மறதிநோய் இல்லாத 970 முதியோரின் தசை வலிமையை அளந்து வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அவர்தம் நினைவாற்றலைச் சோதித்து வந்தனர். அவர்களுடைய சராசரி வயது எண்பது. நான்காண்டு நிறையுமுன் 138 பேருக்கு அல்சைமர் நோய் கண்டது. தசை வலிமை மிக்கவர்க்கு அந்நோய் குறைவாகவே வந்தது. வலிமை ஓர் அலகு உயர, நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 43 பங்கு குறைந்தது என்று 2009-இல் அவர்கள் வெளியிட்டனர். இலண்டன் மன்னர் கல்லூரியார் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. அவர்கள் 324 இரட்டைச் சகோதரியரைத் தேர்ந்தனர். ஒரே தாய் வயிற்றில் ஒருங்கே பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஆதலின், பிறப்பாலும் வளர்ப்பாலும் வரும் வேற்றுமைகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. பத்தாண்டு கழித்துச் சோதித்தபோது, தொடக்கத்தில் கால்வலிமை மிகுந்திருந்த பெண்ணின் அறிவாற்றல் அவளுடைய இரட்டைச் சகோதரியின் அறிவாற்றலைவிட நன்கு நிலைத்திருந்தது. மூளையின் படத்திலும் முதுமையின் அடையாளங்கள் குறைந்திருந்தன.

இங்கே ஒரு தடை எழும். அது நியாயமான தடையே. தசை தளர்ந்ததனால் அறிவு தளர்ந்ததா, அறிவு தளரத் தொடங்கியதனால் தசை தளர்ந்ததா? மூளையில் நோய் மறைந்து வளரும் காலத்திலேயே நடை தடுமாறுவதும் பிடி தளர்வதும் உண்டு. ஆதலின் வெறும் கணக்கெடுப்பு இவ்வழக்கைத் தீர்க்காது. தசையை வேண்டுமென்றே வலுப்படுத்திப் பார்த்து, அதன்பின் அறிவு வளர்கிறதா என்று நோக்குவதே வழி. அதுவும் செய்யப்பட்டுள்ளது. கனடாவின் வான்கூவர் நகரில் 65 முதல் 75 வயதுவரையுள்ள 155 பெண்கள் ஓராண்டுக் காலம் சோதனைக்கு உட்பட்டனர். வாரம் ஓரிரு முறை பளு தூக்கிப் பயின்றவர்கள், மெல்லிய அசைவுப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, கவனத்தை ஒருமுகப்படுத்தும் சோதனையில் மேம்பட்டனர் என்று 2010-இல் அறியப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார், நினைவு சற்றே குன்றத் தொடங்கிய நூறு பேரை எடுத்துக்கொண்டனர். சிலருக்குக் கணினி வழி மூளைப் பயிற்சி, சிலருக்குப் பளுப் பயிற்சி, சிலருக்கு இரண்டும். ஆறு திங்களின் முடிவில் பொது அறிவாற்றலை உயர்த்தியது பளுப் பயிற்சியே. அதிலும் எவர் தசை மிகுதியாக வலுப்பெற்றதோ அவர் அறிவு மிகுதியாக முன்னேறியது என்பது பின்னர் வந்த கணக்கு. மூளைக்குப் பயிற்சி என்று குறுக்கெழுத்துப் புதிரோடு அமர்ந்திருப்போர் இதனைக் கருதிப் பார்ப்பது நன்று. புதிர் தீமையன்று, நாற்காலியை விட்டு எழாமைக்கு அது சாக்காகும்போதுதான் தீமை.

இதன் காரணம் மாயமன்று. தசை இறைச்சித் துண்டு போல வாளா கிடப்பதில்லை. உழைக்கும் தசை குருதியில் பல பொருள்களைக் கலந்து அனுப்புகிறது. அவற்றுள் சில மூளையில் நரம்பணுக்களின் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைப் பெருக்குவதாக விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் கூறுகின்றன. 2012-இல் கண்டறியப்பட்ட ஒன்றிற்கு, கிரேக்கர் தூதுத் தெய்வத்தின் பெயரால் ‘ஐரிசின்’ என்று பெயரிட்டனர். கையும் காலும் தலைக்குத் தூது அனுப்புகின்றன என்று பழமொழியைத் திருத்திக்கொள்ளலாம் போலும்! தூதைவிடப் பெரிய காரணம் சர்க்கரை. உணவுண்டபின் குருதியில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை, இன்சுலினின் ஏவலால், உறிஞ்சி வைப்பது தசையே. தசை தேய்ந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் இல்லை. நீரிழிவு முற்றும்; நீரிழிவு முற்றினால் மூளையின் நுண்குழாய்கள் பழுதாகும். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியருள் மட்டும் எடுத்தால் 31.4 பேர். மூவரில் ஒருவரை நெருங்கும் இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் முதியோரை எழவிடாமல் அமர்த்தி இனிப்புப் பாலில் தேநீர் கலந்து கொடுப்பதை அன்பு என்று எவ்வாறு அழைப்பது?

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. இங்கிலாந்தில் மறதிநோய் ஏற்கெனவே பற்றிக்கொண்ட 494 பேருக்குக் கடும் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். உடல் தேறிற்று, நோயின் போக்கு மட்டும் தணியவில்லை என்று 2018-இல் முடிவு வந்தது. வீடு எரிந்தபின் கிணறு வெட்டும் கதைதான் அது. ஆகவே பளுத் தூக்கினால் மறதிநோய் மறையும் என்று விளம்பரம் செய்வோரும், வல்லாரைப் புட்டியை நீட்டுவோரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். வல்லாரைக்கீரை உண்பதற்கு நல்லது. மலாய்க்காரர் ‘பெகாகா’ என்று பச்சையாகவே உண்கின்றனர். அது மறதிநோயைத் தடுக்கும் என்று எவரும் நிறுவியதில்லை. தசை வலிமை என்பது நோய் வருமுன் கட்டும் வேலி. வேலி கட்டிய தோட்டத்திலும் மாடு புகலாம். கட்டாத தோட்டத்தில் புகுவதற்கு ஐயமே இல்லை.

இனி, ஜொகூர்த் தமிழரிடையே அடிக்கடி கேட்கப்படும் வாதம் ஒன்று உண்டு. “எங்கள் அம்மா தோட்டத்தில் உழைத்து உழைத்துத் தேய்ந்தவர். அவருக்கு இன்னும் பயிற்சியா? இனியாவது ஓய்வெடுக்கட்டும்” என்பது அது. இவ்வாதத்தின் பின்னே நன்றியுணர்ச்சி இருப்பதால் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. லாபிசிலும் ரெங்கத்திலும் குளுவாங்கிலும் கித்தாத் தோட்டங்களில் அவர்கள் பட்ட பாடு ஏட்டில் அடங்குவதன்று. இருட்டில் எழுந்து பெரட்டுக்களத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பால்மரங்களை உளியால் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து, லயத்திற்குத் திரும்பியபின் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, அம்மியில் மசாலை அரைத்த கைகள் அவை. கித்தா போய்ச் செம்பனை வந்தபோது, குலை தூக்கியவர்களும் உதிரிப்பழம் பொறுக்கியவர்களும் அவர்களே. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியபோது, நகரத்து அடுக்குமாடிக்குத் தூக்கி வைக்கப்பட்டவர்களும் அவர்களே.

ஆயின் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. தோட்டத்து உழைப்பு தொழிலாளியின் உடலை நோக்கி அளக்கப்பட்டதன்று. துரையின் கணக்கை நோக்கி அளக்கப்பட்டது. ஒரே தோளில் ஒரே சுமை, ஒரே பக்கம் குனிதல், காய்ச்சலோடும் பெரட்டு, போதிய உணவின்மை, இளைப்பாறப் பொழுதின்மை. இவற்றால் மூட்டும் முதுகும் கெட்டன. வேலைத் தலத்தில் உடல் வருந்துவது, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சியின் நலனைத் தருவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் பலவும் கூறுகின்றன. பயிற்சியோ அளவறிந்து ஏற்றுவது. ஒருநாள் செய்து ஒருநாள் விடுவது. வலி கண்டால் நிறுத்துவது. அன்று அவர்களிடமிருந்து உடலைப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்று அந்த உடலை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கும் வழி ஒன்று இருக்கும்போது, ஓய்வு என்ற பெயரால் அதனை அடைப்பது நன்றிக்கடன் ஆகாது. அன்றியும், நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த வலிமை வைப்புநிதி போல வட்டியோடு கிடக்கும் என்று எண்ணுவது பேதைமை. செலவழிக்காத பணம் எஞ்சும். செலவழிக்காத தசை எஞ்சாது.

வயது கடந்துவிட்டது என்பது அடுத்த சாக்கு. 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி கொடுக்கப்பட்டது. நோயும் தளர்ச்சியும் உடையவர்கள் அவர்கள். எட்டு வாரத்தில் அவர்தம் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. அதாவது, ஒன்றாக இருந்தது ஏறக்குறைய இரண்டேமுக்கால் ஆயிற்று. இச்சோதனையை நடத்திய மரியா ஃபியாதரோன் என்ற மருத்துவரே பின்னர் சிட்னிக்குச் சென்று, மேலே கூறிய நூறு பேரின் ஆய்விலும் முன்னின்றவர். தொண்ணூறில் முளைக்கும் தசை எழுபதில் முளைக்காதா?

மறதியைப் பற்றிய அறியாமை இதனினும் கொடிது. பாட்டி அடுப்பை அணைக்க மறந்தால், வயதானால் பிள்ளைப்புத்தி வரும் என்று சிரித்துவிடுவர். பேரன் பெயர் மாறினால் சிரிப்பர். வந்த வழி தெரியாமல் தெருவில் நிற்கும்போதுதான் சிரிப்பு அடங்கும். 2018-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்த மலேசியருள் நூற்றுக்கு 8.5 பேரிடம் மறதிநோயின் அறிகுறி தென்பட்டது. பள்ளிக் கல்வி குறைவாகப் பெற்றோரை அந்நோய் மிகுதியாகத் தாக்கும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. தோட்டப்பள்ளியில் ஓரிரு வகுப்போடு நிறுத்தப்பட்டுத் தம்பி தங்கையரைப் பார்க்கவும் மரத்தடிக்குப் போகவும் அனுப்பப்பட்ட சிறுமியர்தாம் இன்றைய பாட்டிமார். அவர்களுக்குக் கல்வியை இனிக் கொடுத்துக் குறையை நிரப்புவது அரிது. வலிமையைக் கொடுப்பது அரிதன்று.

எழுத்தறியாத அந்தப் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் நினைவுச் சோதனை நடக்கும். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்பார்கள். எழுதுகோலைப் பிடித்தறியாதவர் படத்தை எவ்வாறு வரைவார்? பள்ளிக்குப் போகாத குறை எது, நோயின் குறை எது என்று பிரித்தறிய மருத்துவர் திணறுவார். கைப்பிடியை அளக்கும் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு மொழி வேண்டா, எழுத்து வேண்டா. இறுகப் பிடித்தால் போதும். ஆசிய நாட்டு அறிஞர் குழு 2019-இல் வகுத்த அளவின்படி, ஆண் 28 கிலோவுக்கும் பெண் 18 கிலோவுக்கும் குறைவாகப் பிடித்தால் தளர்ச்சி எனக் கொள்ள வேண்டும். மலேசியாவும் இந்தியாவும் உட்படப் பதினேழு நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடியை அளந்த ஆய்வு ஒன்று, பிடி ஐந்து கிலோ குறைந்தால் இறப்பு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 16 பங்கு கூடுகிறது என்று 2015-இல் அறிவித்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் ஜொகூர், பேராக், சிலாங்கூர், கிளந்தான் ஆகிய நான்கு மாநிலங்களில் 2,322 முதியோரைத் தேர்ந்து நடத்திவரும் நெடுநாள் ஆய்விலும், உடல் தளர்ச்சியும் அறிவுத் தளர்ச்சியும் இணைந்து வரும் நிலையைத் தனியே நோக்குகின்றனர். அறிவியல் ஜொகூரின் வாயிலுக்கே வந்து நிற்கிறது. தமிழர் வீட்டின் கம்பிக்கதவுதான் திறக்கவில்லை.

தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பெரும்பங்கு உண்டு. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தையைக் கொண்டுபோன லாரியைத் தன் கண்ணால் கண்ட சிறுவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்கள். கித்தாக் காட்டில் பாடிய பாட்டு, ஆயக்கொட்டகையில் கேட்ட தாலாட்டு, லயத்து ஒப்பாரி, தோட்டத்துத் திருவிழாக் கூத்து ஆகியவற்றுள் அச்சேறியவை சில. முதியோர் நெஞ்சில் இருப்பவை பல. அந்நெஞ்சு மங்கினால் அவற்றை மீட்க எந்த நூலகத்திற்குச் செல்வது? ஓலைச்சுவடி கரையானுக்கு இரையாவதைப் பாடநூலில் படித்து வருந்தும் மாணவன், தன் வீட்டு நாற்காலியில் ஒரு சுவடி நாள்தோறும் அரிக்கப்படுவதைக் காணாதிருக்கிறான். தாத்தாவின் தொடைத்தசை தமிழிலக்கியத்திற்குப் புறம்பானது என்று நினைக்கும் ஆசிரியர், இலக்கியம் எங்கே வாழ்கிறது என்பதையே மறந்தவர்.

மரபும் நாற்காலியின் பக்கம் நிற்கவில்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் கிடந்தது. அதனைத் தூக்கித் தோளுக்குமேல் எறிந்தவனுக்கே பெண் கொடுப்பது வழக்கம் என்பர். சிலம்பம் இன்றும் ஜொகூரில் பயிலப்படுகிறது. அது இளைஞர்க்கே உரியது என்று ஒதுக்கியது பிற்காலத்தார் செய்த தவறு. அறிவுக்கு ஓர் உருவம் கொடுக்க விரும்பிய தமிழர், கோலூன்றிய கிழவியாக ஔவையைக் கற்பனை செய்தனர். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968-இல் சென்னையில் நடந்தபோது கடற்கரையில் நிறுவிய சிலைகளுள் ஔவையும் ஒருவர். அந்தக் கோலைப் பார்ப்பவர் கூனைப் பார்க்கின்றனர், நடையைப் பார்ப்பதில்லை. ஔவை பற்றிய கதை எதுவும் அவளை ஓரிடத்தில் உட்காரவைக்கவில்லை. அரசவை விட்டு அரசவைக்கு, ஊர் விட்டு ஊருக்கு அவள் நடந்துகொண்டே இருக்கிறாள். நடந்த இடத்திலெல்லாம் பாடுகிறாள்.

தமிழ் அமைப்புகள் முதிய எழுத்தாளரைச் சிறப்பிக்கும் முறையும் நகைப்பிற்குரியது. இருவர் கைத்தாங்கலாக அவரை மேடைக்கு ஏற்றுவர், மெத்தை நாற்காலியில் புதைப்பர், பொன்னாடை போர்த்துவர், மூன்று மணி நேரம் பேசுவர். அவர் எழ முயன்றால் பதறி அமர்த்துவர். மூன்று மணி நேரம் அசையாதிருப்பது தண்டனையா பரிசா என்று அவரைக் கேட்டவர் இல்லை. பள்ளியிலும் இதே நோய் வேறு உருவில் உண்டு. ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தேர்வு நெருங்கினால் முதலில் பலியிடப்படும் பாடவேளை உடற்கல்வி என்பதை எந்தத் தலைமையாசிரியரும் மனமறிந்து மறுக்க இயலாது. தலையே பிரதானம் என்ற பழமொழி அங்கேயும் ஆட்சி செய்கிறது. திடல் தேவையில்லை என்று பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளைதான் ஐம்பது வயதில் தாயைப் பார்த்து, “உட்காருங்கள்” என்கிறது.

செய்ய வேண்டியது அரிய வித்தை அன்று. உடற்பயிற்சிக் கூடமும் வேண்டா. கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்வதற்கு ஆகும் நொடிகளை எண்ண வேண்டும். பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆயின் கால் தளர்ந்துள்ளது என்று பொருள். அளவுகோலாகிய அதே செயல்தான் மருந்தும். நாளொன்றுக்குச் சில முறையாகத் தொடங்கி, வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போகலாம். சுவரைக் கைகளால் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், தண்ணீர் நிரப்பிய புட்டியைத் தூக்கி இறக்குதல், கைப்பிடியைப் பற்றி ஒருவர் துணையோடு மாடிப்படி ஏறுதல் ஆகியவை போதும். நெஞ்சுநோயோ மிகுந்த குருதி அழுத்தமோ உடையவர் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது முறை. முதியோர் வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்த வேண்டும், மூன்று நாளேனும் உடலைச் சமநிலையில் நிறுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ‘நடக்கிறாரே, அது போதாதா’ என்பார்க்கு விடை: போதாது. நடை நன்று, ஆயினும் தசையைக் கூட்டுவது எதிர்த்து நிற்கும் சுமையே.

உணவின்றித் தசை வளராது. காலையில் தேநீரும் பிஸ்கட்டும், பகலில் சோறும் இரசமும், இரவில் கஞ்சியும் என்று முதியோர்க்கு ‘எளிய உணவு’ கொடுப்பது இன்னொரு மரியாதை. முதியவர் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் நாள்தோறும் ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். சிறுநீரக நோய் உடையவர்க்கு மட்டும் அளவு வேறு. பருப்பு, முட்டை, மீன், தயிர் இவற்றோடு, பத்து பகாட்டிலும் மூவாரிலும் சாவகத்தார் செய்யும் தெம்பே மலிவாகக் கிடைக்கிறது. சைவ உணவினர்க்கு அது பெருந்துணை. அதனை வாங்கிச் சமைக்கத் தமிழ்வீடுகள் தயங்குவதற்கு நாவின் பழக்கம் தவிர வேறு காரணம் இல்லை.

யாவற்றினும் முதன்மையானது, வேலையைத் திருப்பிக் கொடுப்பது. கீரை ஆய்தல், துணியைப் பிழிந்து உலர்த்துதல், மாவு பிசைதல், பூச்செடிக்கு நீர் சுமத்தல் ஆகியவற்றை முதியோரிடமிருந்து பறிக்காதிருக்க வேண்டும். மெதுவாகச் செய்வார், செய்யட்டும். தண்ணீர் சிந்தும், துடைக்கலாம். சமூகநலத் துறையின் ஆதரவில் முதியோர் நடவடிக்கை மையங்கள் பல ஊர்களில் இயங்குகின்றன. அங்கே தமிழ்ப் பாட்டிமார் குறைவாகவே காணப்படுகின்றனர் என்றால், அழைத்துச் செல்ல ஆள் இல்லை, அங்கே பேசத் துணை இல்லை என்பவையே காரணங்கள். பள்ளி விடுமுறையில் அந்தப் பணியை மாணவர் ஏற்கலாம். நாட்டுப்புறப் பாடல் திரட்டும் பணியை வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் ஆசிரியர், பாடலைக் கேட்குமுன் பாட்டி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை நொடி ஆயிற்று என்பதையும் ஏட்டின் ஓரத்தில் குறித்துவரச் சொல்லலாம். மூன்று திங்கள் கழித்து மீண்டும் குறிக்கச் சொல்லலாம். இது தமிழ்ப் பாடமா, உடற்கல்விப் பாடமா என்று பள்ளி ஆய்வாளர் கேட்பாராயின், இரண்டு பாடவேளைகளிலும் எழுதிக்கொள்ளட்டும்.